கேமரன் அம்மையாரைத் தேடி பொகவந்தலாவைக்கு

2024 பிப்ரவரி 10, சனி. கொழும்பு

தை முகூர்த்தங்களில் கடைசி இரண்டையும் தம்பி தலையில் கட்டிவிட்டுத் திருச்சியில் விமானம் ஏறிவிட்டேன். கல்யாணப் படம்தான் எனக்குச் சோறு போடுகிறது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் கார்த்திகையிலும் தையிலும் மணப்பெண்களின் கன்னத்தைக் கணினியில் மெழுகி மெழுகி, மனிதத் தோலில் துளைகள் உண்டு என்பதே மறந்துபோகும் நிலைக்கு வந்திருந்தேன்.

பார்க்க வந்தது ஒரு கல்லறையை. ஜூலியா மார்கரெட் கேமரன் 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். 48 வயதில், மகளும் மருமகனும் பொழுதுபோகட்டும் என்று கொடுத்த கேமராவைக் கையில் எடுத்தார். அதற்குள் மூத்த பிள்ளைகள் வளர்ந்து ஆளாகியிருந்தார்கள். முகத்தை இவ்வளவு நெருங்கி, இவ்வளவு மங்கலாக, இவ்வளவு துணிச்சலாக அதற்கு முன் யாரும் எடுத்ததில்லை. ‘ஃபோகஸ் சரியில்லை’ என்று அந்தக் காலத்துப் புகைப்படச் சங்கத்தார் கேலி செய்தார்கள். அந்த அம்மாள் கடைசியில் வந்து சேர்ந்தது இலங்கை மலையகத்துக்கு. நம் ஆட்கள் தேயிலை கிள்ளும் ஊரில்தான் புதைத்திருக்கிறார்கள்.

கொழும்பில் வெயில் இல்லை, வேக்காடு. சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டு வரவே மாட்டேன் என்கிறது. மாலை லயனல் வென்ட் அரங்குக்குப் போனேன். வென்ட் (1900–1944) பியானோ கலைஞர், வழக்கறிஞர், இந்தத் தீவு தந்த மிகப் பெரிய புகைப்படக்காரர். அவர் வீடு இருந்த இடத்தில்தான் இன்று அரங்கு நிற்கிறது. நான் போனபோது கூடத்தில் யாரோ ஓர் இளைஞரின் ஓவியங்கள் இருந்தன. வாசலைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் காலிமுகத்திடலுக்கு நடந்துவிட்டேன்.

அங்கே இஸ்ஸோ வடை. பருப்பு வடையின் மேல் இறாலைத் தலையோடு பதித்துப் பொரிக்கிறார்கள். இரண்டு 300 ரூபாய். நம் ஒரு ரூபாய்க்கு அவர்களின் மூன்றே முக்கால் ரூபாய், அதனால் கேட்டவுடன் பதறி, கணக்குப் போட்டபின் அடங்க வேண்டியிருக்கிறது. பட்டம் விற்கும் பெரியவர் ஒருவரின் முகத்தில் கடலோரத்து வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்து ஒவ்வொரு சுருக்கமும் தனித்தனியாகத் தெரிந்தது. கேமராவைக் காட்டி, எடுக்கட்டுமா என்று சைகையில் கேட்டேன். “ஒரு நிமிஷம்” என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, பின்பாக்கெட்டிலிருந்து சீப்பை எடுத்தார். காற்றில் கலைந்திருந்த அந்த வெள்ளை முடிக்காகத்தான் நான் அவரிடம் போனதே. படிய வாரி, வகிடெடுத்து, சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றார்.

1867இல் வானியல் அறிஞர் ஜான் ஹெர்ஷலைப் படமெடுத்தபோது கேமரன் செய்தது நேர் எதிர். கிழவரைத் தலைகுளிக்கச் சொல்லி, முடியைப் பறக்கவிட்டார். இன்றும் ஹெர்ஷல் என்றால் அந்த வெள்ளை ஒளிவட்டத் தலைதான் நினைவுக்கு வரும். அது கேமரன் பார்த்த ஹெர்ஷல். பட்டக்காரர் என்னிடம் கொடுத்தது அவர் தன்னைப் பார்க்கும் விதம். வாரிய தலையோடுதான் எடுத்தேன். படம் சுமார்தான். அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

பிப்ரவரி 11, ஞாயிறு. களுத்துறை

கடலை ஒட்டியே போகும் ரயில். ஜன்னலோரம் நின்றால் அலைச்சாரல் லென்ஸ் மேல் உப்பாகப் படிகிறது. துடைக்க வைத்திருந்த துணி லாட்ஜிலேயே கிடந்தது, சுடிதார் துப்பட்டாவில் துடைக்கவும் மனம் வரவில்லை. மூடியைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்த்தேன்.

1875இல் இங்கிலாந்தை விட்டு வந்த கேமரன் தம்பதியர் களுத்துறையிலும் மலையிலுமாக வாழ்ந்தார்கள். 1877 ஜனவரியில் ஓவியர் மரியான் நார்த் இங்கே அவர்கள் வீட்டுக்கு வந்தார். கேமரனுக்குக் கை துறுதுறுத்திருக்கிறது. விருந்தாளியைக் கம்பளிச் சால்வையில் சுற்றி, கூந்தலை அவிழ்த்துவிட்டு, தென்னங்கீற்றின் முனைகள் தலையில் குத்தும்படி நிறுத்தி, உச்சி வெயிலில், 96 டிகிரி ஃபாரன்ஹீட் அடிக்கும் வேளையில், ‘இயல்பாக இரு’ என்றாராம். நார்த்தே இதைச் சிரித்துக்கொண்டு எழுதிவைத்திருக்கிறார்.

அதே உச்சி வேளையில் களுகங்கைப் பாலத்தருகே நின்று பார்த்தேன். ஐந்து நிமிடம் தாங்கவில்லை. அந்த வெயிலில் கண்குழி கறுத்துப்போகும், மூக்கின் நிழல் உதட்டில் விழும், எவ்வளவு லட்சணமான முகமும் மண்டையோடாகிவிடும். நல்ல வெளிச்சம் பத்தடி தள்ளி, கடைத் தாழ்வாரத்தில் இருந்தது. தலைக்கு மேல் கூரை, எதிரே திறந்த வானம், கீழே வெள்ளைச் சிமெண்ட் தரை. உருவப்படக்காரருக்கு இதைவிட என்ன வேண்டும்? தரையில் பட்டுத் திரும்பும் ஒளி மோவாய்க்கு அடியிலும் எட்டிப் பார்க்கிறது. ஒளியைத் திருப்பிவிடக் காசு கொடுத்து வாங்கிய என் வெள்ளிப் பலகை பைக்குள்ளேயே தூங்கியது.

கேமரனின் முறை ஈரக் கொலோடியன். கண்ணாடித் தகட்டில் பசையைப் பூசி, வெள்ளி நைட்ரேட்டில் முக்கி, அது காய்வதற்குள் படமெடுத்துக் கழுவிவிட வேண்டும். இந்த ஊர் வெக்கையில் அது எவ்வளவு சீக்கிரம் காய்ந்திருக்கும்! இன்னொன்றும் உண்டு. அந்தத் தகட்டுக்கு நீல ஒளி மட்டுமே தெரியும், சிவப்பு தெரியவே தெரியாது. பழுப்புத் தோல் அதில் உள்ளதைவிடக் கறுப்பாகத்தான் விழும். 19ஆம் நூற்றாண்டுப் படங்களில் நம் முன்னோர் அத்தனை பேரும் கரிக்கட்டையாக நிற்பதற்குப் பாதிக் காரணம் இந்த ரசாயனம்தான்.

மதியம் ஓட்டலில் சோறும் மீன் அம்புல் தியலும், 550 ரூபாய். கொறுக்காய்ப்புளியின் புளிப்பு ராத்திரி வரை நாக்கை விடவில்லை.

பிப்ரவரி 12, திங்கள். ஹட்டன்

முன்பதிவு ஒன்றுகூட மிச்சமில்லை. சிவனொளிபாதமலை யாத்திரை சீசன். இரண்டாம் வகுப்பில் கதவோரம் ஐந்து மணி நேரத்துக்கும் மேல் நின்றபடி பயணம், தோளில் கேமராப் பை. நாவலப்பிட்டி தாண்டியதும் ஓர் அம்மா தன் பையனை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, “இதில இருங்கோ மகள்” என்று அரை இருக்கை கொடுத்தார். பையன் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிப்பவன். மடியில் உட்கார்த்தப்பட்ட அவமானம் முகத்தில் சிவந்தது.

நான் யாரைத் தேடிப் போகிறேன் என்று சொன்னேன். கேமரன் என்றதும், “கோல்புரூக்–கேமரன் சீர்திருத்தம், 1833” என்று ஒப்பித்தான். அதே கேமரன்தான், இவர் கணவர். மனைவி படம் எடுத்தார் என்பது அவன் பாடப்புத்தகத்தில் இல்லை.

ஹட்டனில் இறங்கியதும் குளிர் காதுக்குள் போனது. பேருந்து நிலையத்தைச் சுற்றிக் கம்பளித் தொப்பிகளைக் குவித்து விற்கிறார்கள். யாத்திரைக் கூட்டத்தால் அறை வாடகை ஏறிக் கிடந்தது. சுவரில் ஈரம் கசியும் அறைக்கு 6,000 ரூபாய். வெந்நீர் உண்டு என்று சொன்னதும் பொய்.

சாயங்காலம் பிரதான வீதியில் ஒரு ஸ்டூடியோ. பாஸ்போர்ட் படம், லேமினேஷன், கல்யாண ஆல்பம் எல்லாம் ஒரே அறையில். உரிமையாளருக்கு என் வயதுதான் இருக்கும். தொழில்காரி என்று தெரிந்ததும் ஸ்டூல் போட்டு, பிளேன் டீ வரவழைத்தார். கணினியில் ஒரு வேலை ஓடிக்கொண்டிருந்தது. இறந்துபோன ஒருவரின் அடையாள அட்டைப் படம். தபால்தலை அளவு, மேலே முத்திரையின் வளைவு வேறு. அதைப் பெரிதாக்கி, முத்திரையை அழித்து, கழுத்துக்குக் கீழே கோட்டும் டையும் ஒட்டிக்கொண்டிருந்தார்.

“இவரு கோட் போடுவாரா?”

“வாழ்க்கையில போட்டதில்ல அக்கா. வீட்டுல கேட்டாங்க. நீலமா, கறுப்பான்னு கேட்டேன், நீலம்னாங்க.”

அவரிடம் நீலம், கறுப்பு, சாம்பல் என்று வரிசையாகக் கோட்டுகள் கோப்புகளாக இருந்தன. சேலைகளும் இருந்தன. தோட்டத்தில் எத்தனையோ பேருக்கு வாழ்நாள் முழுக்க எடுத்த ஒரே படம் அடையாள அட்டைப் படம்தானாம். செத்தபின் அதுவே சுவருக்குப் போகிறது. நல்ல உருவப்படம் எது என்று எங்கள் வகுப்புகளில் மணிக்கணக்காகப் பேசுவோம். இந்த நீலக் கோட்டை எந்த இடத்தில் வைப்பது என்று எனக்குப் பிடிபடவில்லை. கேலி செய்ய மட்டும் தோன்றவில்லை.

பிப்ரவரி 13, செவ்வாய். பொகவந்தலாவை

பஸ் டிக்கோயா, நோர்வூட் வழியாக வளைந்து வளைந்து போகிறது. ஒரு வளைவில் காசல்ரீ நீர்த்தேக்கம் பளிச்சென்று திறந்து, அடுத்த வளைவில் மூடிக்கொண்டது. நடத்துநர் மீதிப் பத்து ரூபாயை இறங்கும்வரை நினைவில் வைத்திருந்து தேடி வந்து கொடுத்தார்.

தூய மரியாள் தேவாலயம் சின்னக் கல் கட்டடம். பூட்டியிருந்தது. சாவி வைத்திருப்பவர் ஹட்டனுக்குப் போயிருக்கிறார் என்றார்கள், நான் புறப்பட்டு வந்த அதே ஹட்டனுக்கு. நல்லவேளை, கல்லறை வெளியேதான். 1879 ஜனவரி 26 அன்று டிக்கோயாப் பள்ளத்தாக்கின் கிளென்கேர்ன் தோட்டத்தில் அவர் இறந்தார், அடுத்த ஆண்டு கணவரும். இருவரும் இங்கேதான். கும்பிட்டுவிட்டு நின்றேன். உண்மையைச் சொன்னால், அங்கே எனக்கு எதுவும் பெரிதாகத் தோன்றவில்லை. கல்லறை, புல், தூறல்.

எனக்குள் ஓடியது வேறு. இலங்கையில் அவர் எடுத்தவற்றில் எஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவு. டென்னிசன், டார்வின், ஹெர்ஷல் என்று இங்கிலாந்தில் எடுத்தவர்களுக்கெல்லாம் பெயர் உண்டு. இங்கே எடுத்தவர்களில் பெரும்பாலானோர் வெறும் ‘தொழிலாளி’, ‘களுத்துறைக் குடியானவர்கள்’. குடும்பத்துக்குக் காப்பித் தோட்டங்கள் இருந்தன. படத்தில் நிற்பவர்கள் அவர்கள் தோட்டத்துக் கூலிகளாக இருந்தால், எடுக்கட்டுமா என்று யாரிடமும் கேட்டிருக்க வேண்டியதே இல்லை. அவருடைய கண்ணை நான் வணங்குகிறேன். ஆனால் டென்னிசன் முடியாது என்று சொல்லியிருக்கலாம், கவிஞருக்கு அந்த வசதி இருந்தது. இந்தப் பெண்களுக்கு இல்லை.

தேவாலயத்துக்குக் கீழே டீக்கடையில் இரண்டு ரொட்டி, கட்டைச் சம்பல், சாயம் என்கிற பால் இல்லாத தேநீர், எல்லாம் சேர்த்து 230 ரூபாய். சம்பலின் காரத்தில் கண்ணில் நீர் வந்தது. பக்கத்தில் இருந்த பெண் சிரித்துக்கொண்டே தன் சீனியைத் தள்ளிவைத்தாள். கொழுந்து எடுப்பவள், உடம்புக்கு முடியாமல் அன்று வேலைக்குப் போகவில்லை. படம் எடுக்கிறவள் என்றதும் நேராகக் கேட்டாள்.

“காசு குடுப்பீங்களா?”

“காசு இல்ல. பிரிண்ட் போட்டுக் கொண்டாந்து தாரேன்.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க.”

கார்கள் நிற்கும் இடங்களில் கூடையோடு நின்று படத்துக்குக் காசு கேட்கும் பெண்களைப் பற்றி நம் ஆட்கள் முகம் சுளித்து எழுதுவதைப் படித்திருக்கிறேன். எதற்குச் சுளிக்க வேண்டும்? நாள் சம்பளம் ஆயிரம் ரூபாய், கொழுந்து எடை வந்தால்தான் முழுப் பேர், இல்லாவிட்டால் அரைப் பேர், அதாவது பாதிச் சம்பளம். நின்று முகம் காட்டுவதும் வேலைதான். ஜூம் லென்ஸை வைத்துக்கொண்டு தூரத்திலிருந்து சுட்டுவிட்டு ஓடுவதைவிட, காசு கொடுத்து எதிரே நின்று எடுப்பது எவ்வளவோ மரியாதை.

நாளைக்கு மத்தியானத்துக்கு மேல் லயத்துக்கு வாங்க, ஆனா வேலை உடுப்புல எடுக்கக் கூடாது என்றாள். லயம் என்பது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்.

பிப்ரவரி 14, புதன். லயம்

பகலெல்லாம் மழை. நான்கரைக்கு மேல், கொழுந்தை நிறுக்கும் மடுவத்திலிருந்து ஆட்கள் திரும்பினார்கள். இடுப்பில் சுற்றிய முரட்டுப் படங்குத் துணி நனைந்திருந்தது, முதுகில் பை. பத்திரிகைகளுக்கு இந்தக் கோலம்தான் வேண்டும். எனக்கும் கை ஊறியது. அவர்களோ என்னைப் பார்த்ததும் உள்ளே ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். வெளியே வந்தபோது பட்டுச் சேலை, பவுடர், பூ. விபூதிப் புதன் ஆராதனைக்குப் போய் வந்த ஒருத்தி நெற்றிச் சாம்பலை மட்டும் துடைக்கவில்லை. “இது விழுமா?” என்று கேட்டாள். விழும் என்றேன்.

நேற்றைய பெண்ணின் மாமியார்தான் வீட்டுக்குப் பெரியவர். “உள்ள வா புள்ள, எந்த ஊரு?”

“திருச்சி, பாட்டி.”

“எங்க தாத்தா தொறையூருன்னு சொல்லுவாரு. பக்கமா?”

பக்கம்தான் என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. மலையகத்துக்கு நம் ஆட்கள் வந்து 200 ஆண்டு ஆயிற்று என்று போன வருடம்தான் நினைவுகூர்ந்தார்கள். துறையூர் இன்னும் ஒரு சொல்லாக அந்த வீட்டில் இருக்கிறது.

அடுப்பு எரியும் அறைக்குள் போனதும் குளிரில் இருந்த லென்ஸ் வெள்ளையாக மூடிக்கொண்டது. துடைத்தால் மறுபடி மூடுகிறது. கண்ணாடி சூடேறும்வரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை. அந்த நேரத்தில் மல்லித்தண்ணி வந்தது, பிஸ்கட் வந்தது, பேரன்கள் வந்தார்கள், செத்துப்போன தாத்தாவின் கதை வந்தது. முகங்கள் மெல்ல இறுக்கம் விட்டன. ஸ்டூடியோவில் ஜோக் சொல்லிச் சிரிக்கவைத்து நான் படும் பாட்டை ஒரு மூடிய லென்ஸ் செய்துவிட்டது.

பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை. வெளிச்சம் வருவது வாசல் ஒன்றில்தான். பாட்டியை நிலைப்படிக்கு ஒரு கை தூரம் உள்ளே, வாசலைப் பார்த்து மணையில் உட்காரவைத்தேன். நான் போய் நிற்க வேண்டிய இடம் வெளியே கானுக்குள், அதாவது வடிகாலுக்குள் என்று ஆயிற்று. கணுக்காலளவு மழைத்தண்ணீர். 85 மி.மீ. லென்ஸோடு உள்ளே நெருங்க முடியாது. குறுகிய லென்ஸைப் போட்டுக்கொண்டு கிட்டே போனால் மூக்கு பெருத்து, காது பின்னால் ஓடிவிடும். அதற்குக் காரணம் லென்ஸ் அல்ல, தூரம். ஆறடியாவது தள்ளி நின்றால்தான் முகம் முகமாக இருக்கும்.

பின்னால் புகையேறிய சுவர். அந்த இருட்டைப் பார்த்துக் கேமரா மிரண்டு, எல்லாவற்றையும் சாம்பல் நிறமாக்கத்தான் முயலும். ஒரு ஸ்டாப், அதாவது பாதி வெளிச்சம், இறக்கிவைத்தேன். பாட்டியின் நிறம் நல்ல கறுப்பு. வெள்ளைத் தோலுக்கு நிழல் வடிவம் தருகிறது, கறுப்புத் தோலுக்கு மினுக்கம். கன்ன எலும்பில், மூக்குத் தண்டில், நெற்றியில் எண்ணெய்ப் பசையின் மேல் வாசலின் ஒளி தடவிச் சென்றது. மருமகள் பவுடர் டப்பாவோடு வந்தாள், வேண்டாம் என்று கெஞ்சித் திருப்பி அனுப்பினேன். இரண்டு கண்மணிகளிலும் குட்டிக் கதவு போல வாசல் தெரிந்தது.

கைகளைத்தான் அவர் விடவில்லை. தேயிலைச் சாறு ஏறி விரல்நுனிகள் கறுத்து வெடித்திருந்தன. அந்த விரல்கள் வேண்டும் என்று எனக்குள் இருக்கும் பத்திரிகைக்காரி கத்தினாள். பாட்டி முந்தானையை இழுத்து இரண்டு கையையும் மூடி மடியில் வைத்துக்கொண்டார். மூடியபடியே எடுத்தேன். சிரிக்கச் சொல்லவில்லை. மோவாயைச் சற்று முன்னால் நீட்டச் சொன்னேன், “எதுக்கு, கோழி மாதிரியா?” என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்து முடித்து அமைதியான அந்த நொடியில் ஒரு மூச்சை விட்டார். அதுதான் படம்.

பிப்ரவரி 15, வியாழன். ஹட்டன், மறுபடி லயம்

கானில் நின்றதன் பலன், கெண்டைக்காலில் அட்டை கடித்த தடம் இரண்டு. இரவெல்லாம் அரிப்பு.

காலையில் ஸ்டூடியோவில் எல்லாப் படங்களையும் பிரிண்ட் போடக் கொடுத்தேன். ஒன்று 200 ரூபாய், தொழில்காரி என்று 150 ஆக்கினார். படம் திரையில் வந்ததுமே அவர் கை பழக்கத்தில் ஒரு பொத்தானுக்குப் போனது. அழுத்தினால் எல்லா முகமும் இரண்டு சுற்று வெளுக்கும். தடுத்தேன். “அவங்க கேப்பாங்க அக்கா, எங்கிட்டதான் சண்டைக்கு வருவாங்க” என்றார். என் பெயரைச் சொல்லுங்கள் என்றேன்.

நண்பகல் பஸ்ஸில் மறுபடி பொகவந்தலாவை. பஸ் நோர்வூட்டில் பழுதாகி நின்றது. ஓட்டோக்காரர் 1,800 கேட்டு 1,400க்கு இறங்கினார். ‘எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க’ என்றவள் கதவைத் திறந்து என் கையில் கவரைப் பார்த்ததும் ஒன்றும் சொல்லவில்லை, உள்ளே போய் அடுப்பில் தண்ணீர் வைத்தாள்.

படங்கள் கைமாறிக் கைமாறி லயம் முழுக்கச் சுற்றின. கலர் பற்றி இரண்டு பேர் முனகினார்கள். சாம்பல் விழுந்திருக்கிறது என்று ஒருத்திக்கு மகிழ்ச்சி. பாட்டி தன் படத்தை வாசல் வெளிச்சத்தில் வெகுநேரம் பிடித்துப் பார்த்தார். நான் இந்த வருடத்தில் எடுத்ததில் எனக்குப் பிடித்த படம் அதுதான், இப்போதும்.

“கால் எங்க?”

“உக்காந்திருந்தீங்களே பாட்டி. முகம் நல்லா விழணும்னு…”

“முகந்தான் எல்லாருக்கும் தெரியுமே. பாதம் இல்லாம என்னா படம்? பாதி ஆளு மாதிரி.”

உள்ளே போய்ப் பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டது. வேறு சேலை, காலில் விலைச்சீட்டு கிழிக்காத புதுச் செருப்பு. லயத்தின் முன்னால் ரோஜாச் செடி ஓரமாகத் தானே இடத்தைத் தேர்ந்து, இரண்டு காலையும் சேர்த்து, கையைத் தொங்கவிட்டு, நேராக நின்றார். தட்டையான மேகவெளிச்சம், பின்னால் கொடியில் துணி. துணியை எடுக்கட்டுமா என்றேன். “அது கெடக்கு, நீ எடு.” தலை முதல் செருப்பு வரை எடுத்தேன். விரல்நுனிகள் இப்போது வெளியேதான் இருந்தன, அதைப் பற்றி இருவருமே பேசவில்லை.

ஸ்டூடியோக்காரருக்குப் போனில் அனுப்பிவிட்டேன். பன்னிரண்டுக்குப் பதினெட்டு அளவு, நாளைக் காலை பஸ்ஸில் கொடுத்துவிடுகிறாராம். பாட்டி போனை வாங்கி அவரிடமே பேசினார். “தம்பி, கண்ணாடி போடாத, ஒடஞ்சிரும். லேமினேட் பண்ணிரு. கோட்டு கீட்டு ஒண்ணும் ஒட்டிறாத.”